கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் பதவி

கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமையைப் புதுப்பித்த 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தால் உருவான, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த இப்பதவிக்கு, மறு ஆண்டு மே மாதம் தாமஸ் மிடில்டன் லண்டனின் லாம்பெத் அரண்மனையில் சந்தடியின்றி அபிஷேகம் செய்யப்பட்டார். இந்தியாவில் எதிர்ப்பு கிளம்புமோ என்ற அச்சத்தில் அன்றைய பிரசங்கம்கூட அச்சேறவில்லை. இந்தியர்களுக்குக் குருப்பட்டம் அளிக்கும் அதிகாரம் தமது நியமனப் பத்திரத்தில் இல்லை என்று கருதிய அவர், 1822-இல் இறக்கும்வரை ஒருவருக்கும் அதை அளிக்கவில்லை.

1823-இல் நாடாளுமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகு, அடுத்த பேராயர் ரெஜினால்ட் ஹீபர், தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துவந்த கிறிஸ்தியன் டேவிட் என்ற தமிழருக்கு 1824-இல் கல்கத்தாவில் குருப்பட்டம் அளித்தார். இப்பதவியின் வரலாற்றிலேயே நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான்.

அதே ஹீபர் 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில், காலை ஆராதனையை முடித்துவிட்டுக் குளிக்க இறங்கிய இடத்திலேயே உயிரிழந்தார். அப்போது ஆஸ்திரேலியாவும் கல்கத்தா பேராயரின் ஆளுகைக்குள் இருந்தது. ஒருவர் தாங்கக்கூடிய பரப்பா அது? முதல் நான்கு பேராயர்களும் 1831-க்குள் மாண்டார்கள். அதன் பின்னரே 1835-இல் சென்னைக்கு டேனியல் கோரியும், 1837-இல் பம்பாய்க்கு இன்னொருவரும் தனிப் பேராயர்களாக நியமிக்கப்பட்டார்கள்.