கஸ்டர் கவுண்டி குறிப்புகள்: ஆணிக்கு நடுவே நாணயம்

ஏப்ரல் 6, 2024, சனி

பழைய குடியேறிகளின் வீடு நின்ற இடத்தில் மெட்டல் டிடெக்டரால் நாணயம் தேடும் வேலை. இடம்: அமெரிக்காவின் நெப்ராஸ்கா, கஸ்டர் கவுண்டி. 1862 ஹோம்ஸ்டெட் (குடியேறுவோருக்கு இலவச நிலம்) சட்டத்தில் கொடுத்த 160 ஏக்கர் நிலங்களில் ஒன்று. நில அளவைக் கட்டங்களைக் குறிக்கும் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் எண்களைப் போட்டால் பட்டா விவரம் மத்திய நில அலுவலகத்தின் இணையப் பதிவில் கிடைக்கும். பட்டா ஆண்டைக் குடியேறிய ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து வருஷம் குடியிருந்த பிறகுதான் பட்டா. பணம் கட்டிச் சீக்கிரம் முடித்தவர்கள் விதிவிலக்கு. வீடு நின்ற இடம் பட்டாவில் இருக்காது. பழைய கவுண்டி வரைபடத்தில் சின்னக் கறுப்புக் கட்டமாக இருக்கும்.

உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். மத்திய அரசு நிலம் என்றால் கருவியை வண்டியைவிட்டு இறக்கவே வேண்டாம்; 1979 தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது.

ஏப்ரல் 7, ஞாயிறு

புல் வளருமுன் பார்த்துவிட வேண்டும். இந்தப் பக்கம் மரம் கிடையாது என்பதால் முதல் வீடுகள் பலவும் புல்வேரோடு வெட்டிய மண்கட்டியில் எழுந்தவை. புகைப்படக்காரர் சாலமன் புட்சர் 1886 முதல் எடுத்த படங்களில் அவை வரிசையாக நிற்கின்றன. இடிந்தால் மண்ணோடு மண். அஸ்திவாரக் கல்லைத் தேடிப் பயனில்லை. வரிசையாக நட்டு வளர்த்த மரங்கள், லைலாக் புதர், ஐரிஸ் பூக்கொத்து, நிலவறை இருந்த பள்ளம் ஆகியவைதான் அடையாளம். பழைய கிணற்றின் மேல் மூடிய பலகை உளுத்து, அதன்மேல் புல் படர்ந்திருக்கும். சந்தேகமான இடத்தில் கம்பியால் குத்திப் பார்த்த பிறகே கால் வைக்கவும்.

ஏப்ரல் 13, சனி

முதல் சுற்றில் இரும்பை ஒதுக்கும் வசதியை அணைத்துவிட்டோம். ஆணிச் சத்தம் அடர்ந்த இடமெல்லாம் சின்னக் கொடி. கொடிகள் சேர்ந்து காட்டுவதுதான் வீடு. மண்வீட்டில் கதவு, ஜன்னல், கூரைக்கு மட்டுமே ஆணி என்பதால் திட்டு சிறியது. சதுர ஆணி மட்டும் வந்தால் பழைய வீடு. உருண்டைக் கம்பி ஆணி 1890களில்தான் அதை விரட்டியது.

ஆணிக் கூட்டத்துக்குள் 11 அங்குலக் காயில் (கருவியின் அடியிலுள்ள தேடும் வட்டு) வீண். அதன் அடியில் ஒரே நேரத்தில் நாலைந்து ஆணி வந்துவிடும், நடுவிலிருக்கும் நாணயத்தை இரும்பு விழுங்கிவிடும். எங்கள் டிடெக்டரான ஈக்வினாக்ஸ் 800-இல் 6 அங்குலக் காயில் மாட்டி, ரெக்கவரி வேகம் (அடுத்தடுத்த பொருள்களைப் பிரித்தறியும் வேகம்) 7, சென்சிட்டிவிட்டி (உணர்திறன்) 18, அயர்ன் பயஸ் (சந்தேகமான சிக்னலை இரும்பு என்று ஒதுக்கும் அளவு) 2. பயஸைப் பூஜ்யமாக்கினால் ஒளிந்த நாணயம் பேசும். வளைந்த ஆணியும் வெள்ளி மாதிரி பாடும். ஆகவே சிக்னல் வந்ததும் 90 டிகிரி திரும்பி மறுபடி வீசுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டு மறுபக்கம் சத்தம் உடைந்தால் பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் திரையில் எண் மாறாமல் நின்றால் தோண்டலாம். காயில் ஆமை வேகத்தில் போகட்டும், ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் மேல் பாதி விழட்டும்.

திரை எண்கள்: 12–13 நிக்கல் (5 சென்ட்), 17–21 இந்தியன் ஹெட் சென்ட் (பழைய 1 சென்ட்), 25–27 வெள்ளி டைம் (10 சென்ட்). பெரிய துருத்தகடும் உயர்ந்த எண் காட்டும். காயிலை ஓரடி தூக்கியும் சத்தம் குறையாவிட்டால் அது நாணயமல்ல.

ஏப்ரல் 20, சனி

ஆணித் திட்டை விட்டு வெளியே வந்தால் பெரிய காயில். துணி உலர்த்தும் கொடி கட்டிய இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான் பாக்கெட் காசு உதிரும். மண்ணைக் குதிரைலாட வடிவில் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் போல விட்டுத் திருப்பவும். ஆழம் நாலு அங்குலம் போதும், மிச்சத்தைப் பின்பாயிண்டர் (குழிக்குள் நீட்டும் சின்ன டிடெக்டர்) சொல்லும். மண் துணிமேல் விழட்டும். மூடுமுன் குழியை மறுபடி வீசிப் பாருங்கள். ஆணியை எடுத்ததும் அடியிலிருந்து இன்னொன்று கேட்பது வழக்கம்.

மே 4, சனி

வெள்ளிக்குத் தண்ணீரில் அலசல் போதும். செம்பு நாணயத்தைத் தேய்த்தால் மதிப்பு போயிற்று; காய்ச்சி வடித்த நீரில் ஊறட்டும். துருப்பிடித்த இரும்புக்கு மின்பகுப்பு: நாலு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜர், எதிர்முனை பொருளுக்கு, நேர்முனை சாதாரண இரும்புத் தகட்டுக்கு. எவர்சில்வர் தகடு கூடாது, குரோமிய நஞ்சு வரும். ஹைட்ரஜன் எழும் என்பதால் திறந்த வெளியில் வையுங்கள். எடுத்ததும் அடுப்புச் சூட்டில் உலர்த்தி மெழுகு பூசாவிட்டால் சில மணி நேரத்தில் மறுபடி துரு.