முழம் போடும் மோட்டார்

திருப்பரங்குன்றத்தில் பூக்கடை வைத்திருக்கும் என் அத்தைக்கு முழங்கையில் வலி. சாயங்காலம் நான்கு மணியிலிருந்து ஒன்பது மணிவரை மல்லிகைச் சரத்தை முழம் போட்டுப் போட்டு வந்த வலி. குழாயைச் சுழற்றிச் சரத்தை அளக்கும் கருவி ஒன்று செய்து தருகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டு, டவுன்ஹால் ரோட்டில் நேமா 17 ஸ்டெப்பர் மோட்டாரும் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்), அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் என்ற மின்னணுப் பலகையும் வாங்கி வந்தேன்.

அந்த 17 ஏதோ சக்தியின் அளவு என்று நினைத்திருந்தேன். முகப்புத் தகடு 1.7 அங்குலச் சதுரம், அவ்வளவுதான். படிக்கு 1.8 டிகிரி, சுற்றுக்கு 200 படிகள். 75 மி.மீ. பிவிசி குழாயின் சுற்றளவு 23.56 செ.மீ.; முழத்தை 45 செ.மீ. என்று கொண்டால் 382 படிகள். கணக்கு சுலபமாகவே முடிந்தது.

தடுமாறியது வோல்ட்டில். மோட்டாருக்குள் இருக்கும் ஒவ்வொரு கம்பிச் சுருளுக்கும் 1.7 ஆம்பியர், 1.5 ஓம், 2.55 வோல்ட் என்று விவரத்தாளில் இருந்தது. 2.5 வோல்ட் அடாப்டருக்காக ஒரு நாள் முழுவதும் அலைந்தேன். அத்தையின் கடையில் இருந்ததோ 12 வோல்ட் பேட்டரி. 12-ஐ 1.5-ஆல் வகுத்தால் 8 ஆம்பியர், சுருள் கருகிவிடுமே என்று பயம். பிறகுதான் புரிந்தது: 2.55 என்பது 1.7-ஐயும் 1.5-ஐயும் பெருக்கி வந்த எண். அந்த மின்னழுத்தத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. டிரைவர் 12 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுத்து, நாம் வைத்த ஆம்பியருக்கு மேல் போகாமல் பிடித்துக்கொள்கிறது. மின்னழுத்தம் கூடுதலாக இருப்பது நல்லதே. வேகமாகச் சுழலும்போதும் சுருளில் மின்னோட்டம் சீக்கிரம் ஏறும்.

டிரைவரில் 1.5 ஆம்பியர் வைத்து, முழுப்படியில் ஓட்டிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து 0.6 ஆம்பியர்தான் போயிற்று. சுருளில் 1.5 ஓடும்போது இது எப்படி என்று மல்டிமீட்டரைச் சந்தேகப்பட்டேன். சுருளுக்குத் தேவை சிறிய வோல்ட், பெரிய ஆம்பியர். பேட்டரி கொடுப்பது பெரிய வோல்ட், சிறிய ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பார்த்தால் வாட் கணக்கு சரியாகவே வந்தது.

கடையில் வைத்த அன்று, முக்கால் மணி நேரம் கழித்து அத்தை மோட்டாரில் கை வைத்தார்.

“ஏனப்பா, சும்மா நிற்கிற இதற்கு எதற்கு இவ்வளவு சூடு?”

பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றியிருந்த பூப்பந்தில் மோட்டார் பக்கத்து மொட்டுகள் மட்டும் விரிந்து, ஓரம் பழுப்பேறிக் கிடந்தன. அளந்து பார்த்தேன். ஓடும்போது 0.6, நிற்கும்போதும் கிட்டத்தட்ட அதேதான். சாதாரண மோட்டார் சுமைக்கு ஏற்ப மின்சாரம் எடுக்கும். ஸ்டெப்பரோ இருந்த இடத்தை விட்டு நகராமல் இருக்கவே இரண்டு சுருளிலும் முழு மின்னோட்டத்தை வைத்துக்கொள்கிறது, அத்தனையும் சூடாகிறது. ஒரு சாயங்காலத்திற்கு 3 ஆம்பியர்-மணி. எங்கள் 7 ஆம்பியர்-மணி பேட்டரி விளக்கையும் தாங்க வேண்டும்.

ஆம்பியரை 0.5-க்கு இறக்கினேன். முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகும். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் குறைவதால் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அப்படியும் குழாயின் விளிம்பில் முந்நூறு கிராம் அளவுக்குத் தாங்கும், பூச்சரத்திற்குத் தாராளம். கூடவே, அளந்து முடித்த அரை நொடியில் டிரைவரின் எனேபிள் இணைப்பு வழியே சுருள்களை அணைத்துவிடுகிறேன். மோட்டார் இப்போது தொட்டால் வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

(நடுவில், மின்சாரம் ஓடும்போதே மோட்டார் வயரைப் பிடுங்கி ஒரு டிரைவர் பலகையைக் கொன்றேன். செய்யாதீர்கள்.)

ஈரச் சரம் பிவிசியில் வழுக்கியதால் பழைய சைக்கிள் டியூபைக் குழாய்மேல் மாட்டினேன். விட்டம் 77 மி.மீ. ஆனதால் முழத்திற்கு இப்போது 372 படிகள். வாடிக்கையாளர்களுக்குக் கொசுறு போடத் தனிப் பொத்தான் வேண்டும் என்று அத்தை கேட்டார். இரண்டு விரற்கடைக்கு 30 படிகள் வைத்திருக்கிறேன்.