மறுபடி தண்ணீர் வார்க்கவில்லை

"கலியாணத்துக்காகவா கத்தோலிக்கத்துக்கு மாறினீங்க?" என்று இன்னும் கேட்கிறார்கள். இல்லை. ஆயரின் அனுமதியோடு, நான் மெதடிஸ்தச் சபையில் இருந்தபடியேதான் எங்கள் கலியாணம் நடந்தது. மாறியது ஆறு வருடம் கழித்து, ஞாயிறு பூசையில் எல்லோரும் நற்கருணை அப்பமான நன்மை வாங்கப் போக நான் மட்டும் வாங்கில் இருந்து அலுத்த பிறகு.

"ஞானஸ்நானம் எப்போது பாதர்?" என்றுதான் முதலில் கேட்டேன். சிரித்தார். தண்ணீர் வார்த்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான், மெதடிஸ்தச் சபையில் எடுத்ததும் செல்லும், சான்றிதழை மட்டும் கொண்டுவாருங்கள் என்றார்.

அங்கேதான் சிக்கல். 2004இல் கல்லாற்று வீட்டுக்குள் புகுந்த கடல் அந்தக் காகிதத்தையும் கொண்டுபோய்விட்டது. பதிவேட்டிலும் தேடிக் கிடைக்கவில்லை. நேரில் கண்ட நம்பகமான ஒருவர் சாட்சி சொன்னால் போதுமாம். கண்டவர்களில் மிஞ்சியிருந்தது அம்மா. நான் மாறப்போவதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாத அம்மா.

வந்தார். வைத்த தேநீரைத் தொடவில்லை. போதகர் மூன்று தரம் தலையில் தண்ணீர் வார்த்ததையும் நான் வீரிட்டு அழுததையும் சொன்னார். கையெழுத்துப் போடும் நேரம் பேனையைக் கீழே வைத்தார்.

"அப்ப நாங்க குடுத்த ஞானஸ்நானம் செல்லும் எண்டுதானே பாதர் எழுதுறீங்க?"

"செல்லும் அம்மா. அதைத் திருப்பிக் குடுக்க என்னாலயும் ஏலாது."

கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

மீதி லேசு. ஐந்து மாத வகுப்பில் பாதி, மாதாவைப் பற்றி நான் வழக்காடியதிலேயே போனது. பாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குத்தான் பயம். முப்பத்தாறு வயதுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? எழுதிக்கொண்டு போன துண்டு வியர்வையில் ஊறி வாசிக்க முடியாமல் போனது. அடுத்த ஞாயிறு பூசையில் விசுவாச அறிக்கை. கத்தோலிக்கத் திருச்சபை போதிப்பதையும் விசுவசிக்கிறேன் என்று கூடுதலாக ஒரு வசனம். மச்சாள் ஞானத்தாயாகத் தோளில் கை வைத்து நிற்க, ஆயருக்குக் காத்திராமல் பாதரே நெற்றியில் எண்ணெய் பூசி உறுதிபூசுதல் தந்தார். பிறகு நன்மை.

வாய்தான் இன்னும் மாறவில்லை. கர்த்தர் கற்பித்த செபத்தில் எல்லோரும் 'தீமை'யோடு நிறுத்த, நான் மட்டும் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தொடங்கிவிடுவேன். பூசையில் அது பாதர் இடையில் ஒரு செபம் சொன்ன பிறகுதான் வரும். பக்கத்திலிருந்து மகள் முழங்கையால் இடிப்பாள்.