பெயரைப் பார்த்தே ஒதுக்கப்படும் விண்ணப்பங்கள்

"அமெரிக்காவில் இப்போதெல்லாம் யார் நிறம் பார்க்கிறார்கள்?" என்று கேட்பவர்களிடம் நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன். பொருளாதார அறிஞர்களான மரியான் பெர்ட்ராண்டும், தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர் என்றால் ஏறக்குறைய 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. லக்கிஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர் என்றால் 15 அனுப்ப வேண்டியிருந்தது. இந்த ஆய்வு 2004-இல் வெளியானது. சரி, 'அனைவருக்கும் சம வாய்ப்பு' என்று விளம்பரத்திலேயே போட்ட நிறுவனங்களாவது? அவையும் அதையேதான் செய்தன. படித்தபோது வயிறு எரிந்தது.

அங்கே ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் நம்மவர்களே, முதல் சுற்றில் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு பெயரைப் பார்த்து முகம் சுளித்தால், ஏன் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.