சியாங் மாயில் ஒரு பகல்

தாய்லாந்தின் சியாங் மாயில் பழைய நகரம் அகழி சூழ்ந்த ஒரு சதுரம், அதனால் கோயில்களை நடந்தே பார்த்துவிடலாம். காலையில் முதலில் வாட் சியாங் மான் போனேன். 1296-ல் மன்னர் மங்ராய் இந்த நகரத்தை உருவாக்கியபோது எழுந்த, நகரின் மிகப் பழைய கோயில். பின்னால் இருக்கும் ஸ்தூபியைச் சுற்றி செங்கல்லும் சுதையுமாகச் செய்த 15 யானைகள், பாதி உடல் சுவருக்குள்ளே, மொத்த பாரத்தையும் முதுகில் தாங்குகிற மாதிரி. அங்கே ரொம்ப நேரம் நின்றேன்.

வாட் பிரா சிங்கில் சுவரோவியங்கள் அருமை, ஆனால் கூட்டம். சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன்.

அப்புறம் வாட் செடி லுவாங். 1545 நிலநடுக்கத்தில் உச்சி இடிந்துபோன பிரம்மாண்டமான செங்கல் ஸ்தூபி. இன்று பாங்காக்கில் இருக்கும் மரகத புத்தர் சிலை 15-ம் நூற்றாண்டில் இங்கேதான் இருந்தது. 1990-களில் சீரமைத்தபோதும் உச்சியைக் கட்டவில்லை, அது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. இல்லாததைக் கற்பனையில் கட்டி வைத்திருந்தால் அந்தச் சிதைவின் கம்பீரம் போயிருக்கும். சாயங்கால வெயிலில் செங்கல் சிவந்தது, மரத்தடியில் ஒரு இளம் பிக்கு பயணிகளோடு பேசிக்கொண்டிருந்தார், நானும் போய் உட்கார்ந்தேன்.