ஒரே ஜீன், ஒன்று காக்கும், ஒன்று கொல்லும்

எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு ஆல்டர்நேட்டிவ் ஸ்ப்ளைசிங்கை (ஒரே ஜீனின் ஆர்.என்.ஏ. நகலை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டி வெவ்வேறு புரதங்கள் உருவாவதை) டேட்டாபேஸ் வைத்தே நடத்தலாம் என்று இறங்கியபோது, எந்த ஜீனை எடுப்பது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. 79 எக்ஸான் (வெட்டி ஒட்டும்போது சேர்க்கப்படும் துண்டு) கொண்ட டிஸ்ட்ரோஃபின் ஜீனைத் திறந்தால் பாதி வகுப்பு அங்கேயே தொலைந்துவிடும். நான் எடுத்தது பிசிஎல்2எல்1. அதன் நீள வடிவமான பிசிஎல்-எக்ஸ்எல் செல்லைச் சாகவிடாமல் தடுக்கும், குட்டை வடிவமான பிசிஎல்-எக்ஸ்எஸ் சாவை நோக்கித் தள்ளும்.

ஜீனோம் டேட்டாபேஸான என்செம்பிளை முதலிலேயே திறக்காதீர்கள். டிரான்ஸ்கிரிப்ட் (ஜீனின் ஆர்.என்.ஏ. நகல்) பட்டியல் நீளும், அதில் புரதமே ஆகாதவையும் கலந்திருக்கும், போதாக்குறைக்கு இந்த ஜீன் 20ஆம் குரோமோசோமின் ரிவர்ஸ் இழையில் இருப்பதால் படத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நான் புரத டேட்டாபேஸான யூனிப்ராட்டில் இந்தப் புரதத்தின் க்யூ07817 பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். இந்த இரண்டு ஐசோஃபார்மையும் (புரத வடிவங்களையும்) டிக் செய்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிடும் அலைன் கொடுத்தால் 233 அமினோ அமிலத்துக்குக் கீழே 170 வந்து நிற்கும், நடுவில் 126 முதல் 188 வரை வெறும் கோடு கோடாக இருக்கும். அந்த இடைவெளியைப் பார்த்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

நடுவில் 63 அமினோ அமிலம் போனால் மிச்சம் எப்படிச் சரியாகப் படிக்கப்படுகிறது என்று ஒருவர் கேட்டார். கால்குலேட்டரை எடுக்கச் சொன்னேன்: 63 பெருக்கல் 3, 189 பேஸ், மும்மூன்றாகப் படிக்கும் ஃபிரேம் குலையவில்லை. முழு எக்ஸான் ஒன்று விடுபட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் எக்ஸானுக்கு உள்ளேயே இருக்கும் இன்னொரு 5' ஸ்ப்ளைஸ் சைட் (எக்ஸான் முடிவதைக் குறிக்கும் வெட்டுமிடம்) பயன்படுகிறது, அதனால் எக்ஸானின் வால்பகுதி மட்டும் கழிகிறது. இந்தக் கட்டத்தில்தான் என்செம்பிள் படத்தைக் காட்டினேன், அப்போது புரிந்தது.

அப்புறம் டொமைன், அதாவது புரதத்தில் தனி வேலை உள்ள பகுதி; இந்தப் புரதத்தில் அவற்றுக்கு பிஎச் என்று பெயர். பிஎச்1 129 முதல் 148 வரை, அது முழுசாகப் போய்விட்டது. பிஎச்2 180 முதல் 195 வரை, பாதிக்கு மேல் போச்சு. பிஎச்3, பிஎச்4 இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. சாவைத் தூண்டும் புரதங்களைப் பிடித்து அடக்குகிற பள்ளத்தை உருவாக்குவதில் பிஎச்1, பிஎச்2 இரண்டுக்கும் பங்குண்டு, அவை போனால் பிடிக்க இடமில்லை என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

வீட்டுப்பாடமாக கால்சிடோனின் ஜீனைக் கொடுத்தேன். அதில் ஒரு சிக்கல் உண்டு, முன்னாடியே சொல்லிவிடுங்கள்: தைராய்டில் வரும் கால்சிடோனினும் நரம்பில் வரும் சிஜிஆர்பி என்ற பெப்டைடும் ஒரே ஜீனிலிருந்துதான் வருகின்றன, ஆனால் யூனிப்ராட்டில் தனித்தனிப் பதிவாக இருக்கின்றன.