லாரியில் வந்த வெளிச்சம்

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு நெடுஞ்சாலை வேலையில் ஆறு மாதம் இரவு ஷிப்ட் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியராக இருந்தேன். ட்ரெய்லரில் வரும் லைட் டவரை இடம் பார்த்து நிறுத்தி, கம்பத்தை உயர்த்தி, டீசல் ஜெனரேட்டரை ஓடவிட வேண்டும். யார் கண்ணும் கூசக் கூடாது, குழியில் நிழல் விழக் கூடாது. அவ்வளவுதான்.

என்னோடு இருந்த எலெக்ட்ரீஷியன் அறுபதைத் தாண்டிய கறுப்பினத்தவர். ஒரு நாள் காபி நேரத்தில், எல்லாம் தெரிந்தவன்போல, பேஸ்பாலின் முதல் இரவு ஆட்டம் 1935-இல் சின்சினாட்டியில் நடந்தது என்று சொல்லிவைத்தேன். சிரித்துவிட்டார். அது வெள்ளைக்காரர்களின் லீக்கில் என்றார். இந்த ஊரின் கறுப்பர் பேஸ்பால் அணியான மோனார்க்ஸ் அதற்கு ஐந்து வருஷம் முன்பே விளக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனதாம். அவருடைய அப்பா பார்த்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமையே நீக்ரோ லீக் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பெரிய லீக்குகள் கறுப்பர்களைச் சேர்க்காத காலத்தில், 1920-இல் ரூப் ஃபாஸ்டர் தங்களுக்கென ஒரு லீக் தொடங்கியது இதே ஊரின் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில்தான். மோனார்க்ஸ் அதில் முதல் வருஷமே ஆடிய அணி. உரிமையாளர் வில்கின்சன் மட்டும் வெள்ளையர். 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பின் கூட்டம் குறைந்தது. பகலெல்லாம் உழைக்கிறவன் எப்போது ஆட்டம் பார்ப்பான்? கடன்பட்டு விளக்குகளைச் செய்தார் வில்கின்சன். 1930 ஏப்ரல் 28, ஓக்லஹோமாவின் ஈனிட் ஊரில் முதல் வெளிச்சம்.

தொழில்காரனாகச் சொன்னால் அது தேறாத டிசைன். ஜெனரேட்டர் இரைச்சலில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்காது. கம்பம் சுமார் 50 அடி. அதற்கு மேல் போன பந்து இருட்டில் காணாமல் போய், எங்கிருந்தோ திரும்பி வரும். ஆனால் டிக்கெட் விற்றது, அணி பிழைத்தது.

பயணம் அதைவிடக் கஷ்டம். 1945-இல் அந்த அணியில் ஆடிய ஜாக்கி ராபின்சனைப் பற்றி மோனார்க்ஸின் இன்னொரு ஆட்டக்காரர் பக் ஓ'நீல் ஒரு கதை சொல்லியிருக்கிறார். பெட்ரோல் பங்கில் கறுப்பர்கள் கழிப்பறைக்குப் போகக் கூடாது என்றதும், அப்படியானால் குழாயை டேங்கிலிருந்து எடு என்றாராம் ராபின்சன். பஸ் நிறையப் பெட்ரோல் போடும் வாடிக்கை போய்விடுமே! சரி, போங்கள் என்று வழிவிட்டான் பங்க்காரன்.

அதே ராபின்சனை பெரிய லீக் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸ் எடுத்துக்கொண்டபோது மோனார்க்ஸுக்கு ஒரு காசு தரவில்லை. 1947-இல் அவர் கறுப்பர்களுக்கு இருந்த தடையை உடைத்துப் பெரிய லீக்கில் இறங்கியதும் ரசிகர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் இத்தனை நாள் சோறு போட்டவர்களுக்கு ஈடு கொடுக்காததை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

திங்கள் இரவு அந்த எலெக்ட்ரீஷியன் கேட்டது ஒன்றுதான்: கம்பம் எவ்வளவு உயரம்? 50 அடி இருக்கும் என்றேன். எங்கள் டவர் முப்பதுதான். இருவரும் அண்ணாந்து பார்த்தோம். விளக்குக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை.